விஞ்ஞானத்துக்கு யார் படியளப்பது? பேக்கனும் திருவானைக்காவல் ராமனும்

சமயபுரத்துல இருந்து பேசுறேன். இங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போற பஸ்ல ஏறினா, நம்பர் 1 டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம் இறங்கினதும் திருவானைக்காவல். ஜம்புகேஸ்வரர் கோயில் எல்லாருக்கும் தெரியும். 1888 நவம்பர் 7 அன்று அதே ஊரில், தாய்வழித் தாத்தா வீட்டில் சி.வி. ராமன் பிறந்தார் என்பது நம்ம பக்கத்திலேயே பல பேருக்குத் தெரியாது.

ராமன் விளைவு என்ன என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டோம். நான் பேச வந்தது வேறு விஷயம். விஞ்ஞானத்துக்கு யார் படியளப்பது? அரசாங்கமா, தனி மனிதரா? இந்தக் கேள்வியைப் பிடிக்க நாம 400 வருஷம் பின்னால், லண்டனுக்குப் போகணும்.

பிரான்சிஸ் பேக்கன், 1561-ல் பிறந்தவர். வக்கீல், நாடாளுமன்ற உறுப்பினர், 1618-ல் இங்கிலாந்தின் லார்டு சான்சலர். மன்னருக்கு மிக நெருக்கமான பதவி. அந்த வேலைக்கு நடுவில்தான், பழைய நூல்கள் சொன்னதை ஒப்பிக்காமல், இயற்கையைக் கவனித்து, சோதித்து, தகவல்களை அடுக்கி முடிவுக்கு வாருங்கள் என்று எழுதினார். அவருடைய ‘நோவம் ஆர்கனம்’ 1620-ல் வந்தது. அடுத்த வருஷமே லஞ்ச வழக்கில் பதவி போனது. 40,000 பவுண்ட் அபராதம், சில நாள் சிறை. அபராதத்தை மன்னர் பிறகு தள்ளுபடி செய்தார். 1626-ல் பேக்கன் இறந்தார்.

இறந்த பிறகு வெளிவந்த ‘புதிய அட்லாண்டிஸ்’ கதையில் ஒரு தீவு வருகிறது. அங்கே பலர் கூடி ஆராய்ச்சி செய்ய ஒரு பெரிய இல்லம். அரசு ஆதரவில் விஞ்ஞானம் என்ற கனவு அது. 1660-ல் லண்டனில் ராயல் சொசைட்டி தொடங்கியபோது, பேக்கனைத் தங்கள் முன்னோடியாகவே அவர்கள் கொண்டாடினார்கள்.

இப்போ ராமனுக்கு வருவோம். அவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் நிதித்துறைத் தேர்வில் தேறி, கல்கத்தாவுக்குக் கணக்கு அதிகாரியாகப் போனார். பகலில் கணக்கு. காலையும் மாலையும் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. அந்தக் கழகத்தை 1876-ல் தொடங்கியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர். நன்கொடை திரட்டி உருவாக்கிய இடம் அது. 1917-ல் ராமன் கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28-ல் அந்தக் கழகத்தில்தான், கே.எஸ். கிருஷ்ணனோடு செய்த ஆய்வில், ஒளிச்சிதறலின் புதிய விளைவு தெளிவானது. 1930-ல் நோபல் பரிசு.

யோசிச்சுப் பாருங்க. பேக்கன் பதவி பறிபோகும் வரை பதவியையும் ஆராய்ச்சியையும் சேர்த்தே பிடித்திருந்தார். ராமன் பதவியை உதறினார். இந்த வித்தியாசம் கடைசி வரை தொடர்ந்தது.

1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். நிர்வாகத்தோடு மோதல் வந்து 1937-ல் அந்தப் பதவியை விட்டார், பேராசிரியராக மட்டும் நீடித்தார். இதற்கிடையில் 1934-ல் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கியிருந்தார். மைசூர் அரசு அதற்கு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தில் 1948-ல் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. ஆரம்பத்தில் மின்சாரம்கூட இல்லை. சூரிய ஒளியைக் கண்ணாடியால் இருட்டறைக்குள் திருப்பி, லென்ஸ் வைத்துச் சோதனை செய்தார்.

அதே காலத்தில் நேரு அரசு நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்களைக் கட்டியது. பேக்கனின் கனவு இங்கே செங்கல்லும் சிமெண்டுமாக எழுந்தது என்றே சொல்லலாம். கிருஷ்ணன் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தலைவரானார். ராமனுக்கு அந்த வழி பிடிக்கவில்லை. பணத்தோடு அதிகாரியும் வருவார், அறிக்கை கேட்பார் என்பது அவர் பயம். தன் நிறுவனத்தைச் சொந்தப் பணத்திலும் நன்கொடையிலுமே நடத்தினார். புத்தரும் சங்கரரும் கையேந்தியவர்கள்தானே என்பது அவர் வாதம்.

ஆனா, இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. எல்லாம் ஒரே மனிதரின் விருப்பப்படி நடந்தால், அவருடைய கோணலும் சட்டமாகிவிடும். 1933-ல் கமலா சோஹோனி பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்பதால் ராமன் மறுத்தார். அவர் விடாமல் போராடி, நிபந்தனைகளோடுதான் உள்ளே வந்தார். தன் திறமையைக் காட்டிய பிறகே கதவு திறந்தது.

1924-ல் தன்னை உறுப்பினராக்கிய ராயல் சொசைட்டியிலிருந்தும் ராமன் 1968-ல் விலகினார். பேக்கனைக் கொண்டாடிய அதே சொசைட்டி! 1970 நவம்பர் 21-ல் அவர் காலமானார். 1972-லிருந்து அவருடைய நிறுவனம் மத்திய அரசின் நிதியுதவியில் நடக்கிறது.

அப்போ ராமன் தோற்றாரா? எனக்கு அப்படித் தோணலை. இன்றைய ஆராய்ச்சிக் கருவிகளின் விலைக்கு ஒரு மனிதரின் சேமிப்பு காணாது. பெரிய விஞ்ஞானத்துக்கு அரசின் கை வேண்டும், அதில் பேக்கன் சொன்னதுதான் சரி. ஆனால் எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் உரிமை ஆராய்பவரிடம் இருக்க வேண்டும், அதில் ராமனை விட முடியாது. திருச்சியில் இன்று ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதும் ஒவ்வொரு மாணவருக்கும் முன்னால் நிற்பது இதே கேள்விதான். ‘எதுக்குக் காசு கிடைக்கும்?’ என்று பார்த்துத் தலைப்பு எடுப்பதா, மனசில் உறுத்துகிற கேள்வியை எடுப்பதா?

நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.