எஞ்சின் மாற்றிய தலைமுறை

மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் பெரிய தொழிற்சாலைகளைப் பற்றியும் அவற்றை நிறுவிய தனவந்தர்களைப் பற்றியுமே விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலையை விட்டு வெளிவந்து, பல கை மாறி, மதிப்பிழந்து கிடந்த பழைய காரைச் சொற்ப விலைக்கு வாங்கி, அதற்குள் வேறொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய சாமானிய இளைஞர்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் தழைத்து, பின்னர் ‘ஹாட் ராட்’ என்று உலகெங்கும் பெயர் பெற்ற அந்தக் கலையை வெறும் வேக மோகம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வலுவான எஞ்சின் ஒன்று வண்டிக்குள் புகுந்தால், அதைத் தாங்கும் அடிச்சட்டம் முதல் அதை நிறுத்தும் பிரேக் வரை ஒவ்வோர் அங்கமும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும் என்ற உண்மையை, மூன்று நான்கு தலைமுறைகளாக அவர்கள் படிப்படியாகக் கற்றறிந்த விதமே இந்தச் சரித்திரத்தின் சாரம்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியான ஃபோர்டு ‘மாடல் டி’ காரே இந்தக் கலைக்கு முதல் மூலதனமாக அமைந்தது. அதன் நாலு சிலிண்டர் எஞ்சின் சுமார் 20 குதிரைச் சக்திதான் தந்தது. ஆயினும் வண்டியின் எடை குறைவு, விலை மலிவு, காயலான் கடைகளிலோ அதன் உதிரி பாகங்கள் குவிந்து கிடந்தன. ஆரம்பத்தில் இளைஞர்கள் எஞ்சினை மாற்றத் துணியாமல், இருந்ததையே பலப்படுத்தினார்கள். செவ்ரலே சகோதரர்கள் தயாரித்த ‘ஃபிரான்டினாக்’ சிலிண்டர் ஹெட்டைப் பொருத்தினால், பக்கவாட்டில் இருந்த வால்வுகளின் ஸ்தானம் மேலே மாறி, எஞ்சின் தாராளமாகச் சுவாசித்தது. இவ்வாறு அபிவிருத்தி செய்த வண்டிகளை மொஜாவி பாலைவனத்திலுள்ள மியூராக் என்னும் உலர்ந்த ஏரிப் படுகைக்குக் கொண்டு சென்று வேகப் பரீட்சை நடத்தினார்கள்.

1932-ஆம் வருஷத்தில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட வி-8 எஞ்சின் இந்த நிலையை முற்றிலும் மாற்றிவிட்டது. அதுகாறும் பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களிலேயே காணப்பட்ட எட்டு சிலிண்டர் எஞ்சினை, சிலிண்டர்களும் கிராங்க்கேஸும் சேர்ந்த ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்து, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்கு அவர் கொண்டுவந்தார். 221 கன அங்குலம் கொண்ட அந்த எஞ்சின் 65 குதிரைச் சக்தி தந்தது. அதற்கு முந்திய ‘மாடல் ஏ’ காரின் எஞ்சினோ 40 குதிரைச் சக்தி உடையது. ஆகவே விபத்தில் சிதைந்த புதிய காரின் வி-8 எஞ்சினைக் கழற்றி, 1928 முதல் 1931 வரை வந்த ‘மாடல் ஏ’ வண்டிக்குள் வைப்பது இளைஞர்களின் இயல்பான ஆசையாயிற்று. இங்கேதான் முதற் பாடம் கிடைத்தது. நாலு சிலிண்டருக்கென்று செய்த மெல்லிய அடிச்சட்டத்தில் அகன்ற வி-8 எஞ்சினை உட்கார வைப்பதைக் காட்டிலும், 1932-ஆம் வருஷத்து அடிச்சட்டத்தையே கொண்டுவந்து அதன்மேல் ‘மாடல் ஏ’ உடலை ஏற்றுவது உசிதம் என்று அநேகர் கண்டுகொண்டார்கள்.

இரண்டாம் பாடம் பிரேக்கில் வந்தது. ஃபோர்டு கார்களில் 1938 வரை கம்பிகளால் இயங்கும் பிரேக்கே இருந்தது. 1939-இல்தான் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. அது வந்தவுடனே, பழைய வண்டிகளில் அதைப் பொருத்துவது ஏறக்குறைய விதியாகிவிட்டது. மூன்றாம் பாடம் உஷ்ணத்தைப் பற்றியது. அந்த வி-8 எஞ்சினில் எரிந்த வாயு சிலிண்டர்களுக்கு இடையே, வார்ப்பின் ஊடாகவே வெளியேறியதால் அதன் சூட்டில் கணிசமான பங்கு தண்ணீரில் இறங்கியது. ரேடியேட்டரைப் பற்றி யோசியாமல் சக்தியைக் கூட்டியவனுடைய வண்டி வழியிலேயே கொதித்து நின்றது. 1937-இல் தென் கலிபோர்னிய வேகச் சங்கம் ஸ்தாபிதமாகிப் பந்தயங்களுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்ட காலத்தில், விக் எடல்பிராக் என்ற மெக்கானிக், இரண்டு கார்புரேட்டர்கள் ஏற்கும் ‘ஸ்லிங்ஷாட்’ என்னும் இன்டேக் மேனிஃபோல்டைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். பட்டறை யுக்தியாக இருந்தது இவ்விதமே ஒரு தொழிலாகப் பரிணமித்தது.

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து, விமானங்களையும் டாங்கிகளையும் பழுது பார்த்துத் தேர்ந்த கைகளோடு இளைஞர்கள் திரும்பியபோது இந்தக் கலை புது வேகம் கொண்டது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகை பிறந்தது. 1949-இல் போன்வில் உப்புச் சமவெளியில் முதல் வேக வாரம் நடந்தது. அதே 1949-இல் காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் மேல்வால்வு வி-8 எஞ்சின்கள் வெளிவரவே, ஃபோர்டு உடலுக்குள் காடிலாக் எஞ்சினை வைத்து ‘ஃபோர்டிலாக்’ என்றே பெயரிட்டு நியூயார்க் மாகாணத்தில் பில் ஃபிரிக் என்பவர் விற்றார். ஆனால் ஒரு கம்பெனியின் எஞ்சினும் இன்னொரு கம்பெனியின் கியர்பாக்ஸும் தாமாக இணங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே இணைப்புத் தகடு வேண்டும். கிளட்ச் பொருந்த வேண்டும். புதிய விசையைத் தாங்காமல் முறியக்கூடிய பழைய கியரையும் பின்அச்சையும் மாற்ற வேண்டும்.

1955-இல் எட் கோல் தலைமையில் உருவான செவ்ரலே 265 கன அங்குல வி-8, இந்தச் சிக்கல்களுக்கெல்லாம் பெரும்பாலும் விடையாக அமைந்தது. அதே கம்பெனியின் ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை குறைந்த அது, சாதாரண அமைப்பிலேயே 162 குதிரைச் சக்தி தந்தது. அளவில் அடக்கமாக இருந்ததால் பெரும்பாலான பழைய வண்டிகளுக்குள் நுழைந்தது. ஆயினும் அதிலும் கவனிக்க வேண்டியவை இருந்தன. டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறத்தில் இருந்தமையால் சில ஃபோர்டு கார்களில் எஞ்சின் அறையின் பின்சுவரை உட்குழித்து இடம் செய்ய நேர்ந்தது. 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்ற நேர்ந்தது. 1997-இல் செவ்ரலே காரில் அலுமினியத்தால் ஆன எல்எஸ்-1 என்னும் வி-8 எஞ்சின் வந்தபோது, கம்ப்யூட்டர், சென்சார்கள், அதிக அழுத்தமுள்ள பெட்ரோல் பம்ப் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேர்ந்தன. சட்டமும் சேர்ந்தது: கலிபோர்னியாவில் புகைச் சோதனைக்கு உட்பட்ட காரில் வைக்கும் எஞ்சின், காரின் வருஷத்துக்கு முந்தியதாக இருத்தலாகாது, அந்த எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களும் கூடவே வர வேண்டும்.

இந்தச் சரித்திரத்தை முழுமையாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு காலத்திலும் வெற்றி பெற்றவன் மிகப் பெரிய எஞ்சினைத் தேடிப் பிடித்தவன் அல்லன் என்பது தெளிவாகிறது. வண்டி எதற்காக, எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு ஓடப் போகிறது என்று முதலில் நிச்சயித்து, அடிச்சட்டம், பிரேக், குளிர்ச்சி, கியர், பின்அச்சு, மின்சாரம், சட்டம் ஆகியவற்றைக் காகிதத்தில் கணக்கிட்டு, அதற்குப் பிறகு எஞ்சினைத் தேடப் புறப்பட்டவனுடைய வண்டியே நெடுநாள் ஓடியது. பழைய காரொன்றைப் புதுப்பிக்க விரும்பும் அன்பர்கள் இந்த வரிசையை மாற்றாதிருக்க வேண்டும். எஞ்சினுக்குப் பணம் கொடுக்குமுன் பிரேக்குக்குப் பணம் ஒதுக்குங்கள்.