ஊர்க் கள்ளி எது?

கள்ளி என்ற ஒரே சொல்லில் தமிழ் இரண்டு தாவரக் குடும்பங்களை வைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் நிற்கும் கள்ளி நம் மண்ணுக்கு உரியது. ஒடித்தால் பால் வடியும். சதுரக்கள்ளி அந்த இனம். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது. நாகதாளி என்றும் பெயர் பெற்ற அது கேக்டஸ் குடும்பம். தாயகம் அமெரிக்கக் கண்டம்.

பிரிஸ்பேனில் என் வீட்டுத் தொட்டிகளில் இரு குடும்பமும் உண்டு. பார்க்க வரும் நம்மவர்கள் “ஊர்க் கள்ளி இல்லையா?” என்று கேட்பது சப்பாத்திக்கள்ளியைத்தான். குயின்ஸ்லாந்தில் பழத்துக்காகப் பயிராகும் ஒரு வகை தவிர அந்த இனத்தை வளர்க்கத் தடை இருக்கிறது. அந்தத் தடைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

18ஆம் நூற்றாண்டில் உயர்ந்த சிவப்புச் சாயம் கொச்சினீல் பூச்சியிலிருந்து வந்தது. மெக்சிகோவில் இந்தக் கள்ளியின் மடல்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டி வாழும் பூச்சி அது. வணிகம் முழுவதும் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதை உடைக்க முயன்றவர்களில் ஒருவர் சென்னையில் கம்பெனி மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். பூச்சி வருமுன்பே அதற்குத் தீனியாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போடவைத்தார். 1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி அல்ல, காட்டினம். சாயம் மட்டம், பசி பெரிது. அது தங்கிய இடங்களில் ஒரு வகைக் கள்ளி அடியோடு அழிந்தது.

சாயத்துக்கு உதவாத பூச்சி வேறொன்றுக்கு உதவியது. 1836–38இல் அதைத் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் கள்ளியை ஒழிக்கவென்றே கொண்டுபோனார்கள். களையைப் பூச்சியால் அடக்கும் முறையின் தொடக்கங்களில் ஒன்று இது.

ஆஸ்திரேலியாவின் கதையும் அதே ஆசையில் தொடங்கியது. 1788இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் சாயத்துக்காகப் பிரேசிலிலிருந்து கள்ளியைச் சிட்னிக்குக் கொண்டுவந்தார். பின்னர் வேறு வகைகளும் வந்து, 1920களில் சுமார் 6 கோடி ஏக்கரில் கள்ளி மண்டியது. குடியானவர்கள் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். தீர்வு தேடிய குயின்ஸ்லாந்து அரசு, 1914 வாக்கில் நம் பக்கத்திலிருந்து அந்தக் காட்டுப் பூச்சியை வரவழைத்தது. பிலிப் கொண்டுவந்த வகையை அது அழித்தது. மற்ற வகைகளை அர்ஜென்டினாவின் அந்துப்பூச்சி ஒன்று அடக்கியது. 1926இல் வேறொரு கொச்சினீல் ஆஸ்திரேலியா, இலங்கை வழியாகத் தென்னிந்தியா போய், அங்கே மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளியைக் குறைத்தது. நம்மில் பலர் இந்தத் தடத்தில் பயணப்படுமுன் பூச்சிகள் இரு திசையிலும் போய்வந்துவிட்டன.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் சிலருக்கு வருத்தம். முள் நீக்கித் தின்ற பழமும், வேலியோரத்து மஞ்சள் பூவும் அவர்களுக்கு ஊர்தான். அந்த நினைவு பொய்யில்லை. வந்த செடிக்கு நம் ஊர் இரண்டு நூற்றாண்டில் பெயர் கொடுத்து, வேலி கொடுத்து, தன்னதாக்கிக்கொண்டது. நம் பிள்ளைகளை இந்த ஊர் எப்போது அப்படி ஏற்றுக்கொள்ளும் என்று கேட்கிற நாம், அதைச் சப்பாத்திக்கள்ளிக்கு மறுக்க முடியாது. ஆனால் பிள்ளைகள் கேட்டால் இரண்டு கள்ளியின் கதையையும் சொல்லவேண்டும். நான் அவர்களுக்குச் சதுரக்கள்ளியைக் காட்டுகிறேன். பால் கண்ணில் படக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.