1934ஆம் ஆண்டுப் பெருங்காய்ச்சல் புகட்டும் பாடம்

மழை பெருகினால் நுளம்பு பெருகும், நுளம்பு பெருகினால் காய்ச்சல் வரும் என்பது நம்மிற் பலரும் போடும் கணக்கு. ஆனால் இலங்கை கண்ட மிகக் கொடிய காய்ச்சல் மழையினால் வரவில்லை. மழை பொய்த்ததனால் வந்தது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 1935இல் நாட்டையே உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயையே இங்கு குறிப்பிடுகின்றோம். ஏறத்தாழ 15 இலட்சம் மக்களைப் பாயில் வீழ்த்தி, ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோன அந்நோயின் வரலாற்றை இளைஞர் அறிதல் வேண்டும். மூத்தோர் மீண்டும் நினைத்தல் வேண்டும்.

மலேரியாக் கிருமியை நுளம்பே காவிச் செல்கின்றது என்பதற்கான சான்றை 1897ஆம் ஆண்டிலேயே செகந்திராபாத்தில் றொனால்ட் றொஸ் கண்டுவிட்டார். குயினைன் மருந்தும் அக்காலத்தில் இருந்தது. நோயின் காரணமும் தெரியும், மருந்தும் உண்டு. பின் ஏன் இத்தனை மரணம்?

தொற்றுநோய் எதுவும் தனியே வருவதன்று. கிருமி, அதற்கு இடங்கொடுக்கும் மனிதன், இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் சூழல் ஆகிய மூன்றும் கூடவேண்டும். மலேரியாவில் நுளம்பு இடைநின்று காவுகின்றது. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கு மேல் நோய் தொற்றுமாயின் அது பெருகும். ஒருவருக்குக் குறைவாயின் தானே ஒடுங்கும். கொள்ளைநோயின் கணக்கு முழுவதும் இதனுள் அடங்கும்.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வழக்கமாக மா ஓயா, தெதுறு ஓயா, களனி, மகாவலி ஆகிய ஆறுகள் வேகமாக ஓடி, நுளம்புக் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டில் நீர் வற்றி, ஆற்றுப்படுகைகளில் வெயில் படும் தெளிந்த குட்டைகள் தேங்கின. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் நுளம்புக்கு இவையே தொட்டில்களாயின. இவ்வாறு சூழல் மாறியது.

மனிதரின் நிலை யாது? வரண்ட பிரதேச மக்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் வழமையான நோய். அதில் தப்பிப் பிழைத்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. கேகாலை, குருநாகல் போன்ற ஈரலிப்பான பகுதிகளில் வாழ்ந்தோருக்கு அது இல்லை. அத்துடன் உலகப் பொருளாதார மந்தத்தினால் வேலையும் கூலியும் குறைந்து, மக்கள் அரைவயிற்றோடு கிடந்த காலம் அது. ஆகவே, இத்தகைய உடல்களில் நோய் தீயெனப் பற்றியது. சிறு குழந்தைகளே மிகுதியாக மாண்டனர்.

அரசாங்கம் தற்காலிக ஆஸ்பத்திரிகளைத் திறந்து குயினைன் வழங்கியது. சூரியமல் இயக்கத்து இளைஞர்களும் கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர். அவர்களுள் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். மருந்து மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டனர். இவர்கள் 1935 டிசெம்பரில் உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் முன்னோடிகளாயினர்.

உயர்ந்த மலைத்தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. “மலைக்காற்று நோயை அண்டவிடாது” என்று பன்வில முதியோர் சொல்வதை நாமும் கேட்டிருக்கின்றோம். அவர்கள் சொல்லில் உண்மை உண்டு: குளிரில் நுளம்பின் உடலினுள் கிருமி முதிர்வது தாமதமாகும், பாறைகளின் மேல் பாய்ந்தோடும் நீரில் குடம்பி தங்குவதும் அரிது. ஆயினும் அது இடத்தின் சாதகமேயன்றி எமது திறமையன்று. சூழல் மாறினால் சாதகமும் மாறும் என்பதற்கு 1934ஆம் ஆண்டே சாட்சி.

அதன் பின்னான வரலாறு இன்னும் கூர்மையானது. 1940களின் நடுப்பகுதி தொடங்கி வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே! வெற்றி கிட்டிவிட்டதென்று மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, காவலும் தளர்ந்தது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் பல்லாண்டு பாடுபட்ட பின்னரே, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் இல்லை என்னும் நிலை எய்தப்பட்டு, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

மலேரியா நீங்கினும் நுளம்பு நீங்கவில்லை. 2017இல் இந்நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்கு நுளம்பு ஆற்றைத் தேடுவதில்லை. லயத்துக் கோடியில் எறிந்த தகரப்பேணியிலும், பழைய டயரிலும், அடைபட்ட பீலியிலும் தேங்கிய நீரே அதற்குப் போதும். அங்கு குட்டையை உண்டாக்கியது வரட்சி. இங்கு உண்டாக்குவது நமது கவனக்குறைவு. வரட்சியைத் தடுக்க நம்மால் இயலாது. பேணியைக் கவிழ்க்க இயலும்.

ஆகவே சங்கத்துச் சகோதரர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் நம் லயங்களையும் வீட்டுச் சுற்றாடலையும் பார்வையிடுவோம். காய்ச்சல் கண்டவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்; ஒரே லயத்தில் இருவர் மூவருக்குக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்போம். நோயாளர் ஆயிரக்கணக்கில் இருந்தபோது நாடு விழித்திருந்தது. பதினேழு பேராகக் குறைந்தபோதே உறங்கியது. அந்தப் பதினேழை நாம் மறவாதிருப்போமாக.