தசைநோவுக்கு அமினோ அமில மாவு தேவையா?

எறிகணை வீச்சில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே இழந்தவன் நான். செயற்கைக் காலில் நடப்பதற்குச் சாதாரண நடையை விடக் கூடுதல் சக்தி வேண்டும். இடுப்பும் மற்றத் தொடையும் பலமாக இருக்கவேண்டும். அதனால் பயிற்சியை விடுவதில்லை. என்னைப் போன்றவர்கள் அடிக்கடி கேட்பது, பயிற்சிக்குப் பின்வரும் நோவுக்கு டின்னில் விற்கும் பீ.சீ.ஏ.ஏ. மாவை வாங்கலாமா என்பதே.

புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 வகையை உடல் தானாக உருவாக்காது, உணவிலிருந்தே பெறவேண்டும். அந்த ஒன்பதில் லியூசின், ஐசோலியூசின், வலின் ஆகிய மூன்று மட்டுமே இந்த மாவில் உள்ளன. தசை கட்டும் வேலையை லியூசின் தொடக்கிவைக்கும் என்பது உண்மை. ஆனால் மேசன் வந்து நின்றாலும் கல்லும் சீமெந்தும் இல்லாமல் சுவர் எழும்பாது. மற்ற ஆறும் வேண்டும்.

நோவைச் சற்றுக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. புரதம் போதியளவு உண்பவருக்கு மேலதிக பயன் சொற்பமே. வழமையாக ஒரு தடவைக்குக் கலக்கும் மாவில் இந்த மூன்றும் சுமார் 5 கிராம் இருக்கும். நான்கு முட்டைகளிலும் கிட்டத்தட்ட அவ்வளவு உண்டு, மற்ற ஆறும் சேர்த்து. முட்டை விலை கட்டுப்படாவிட்டால் 50 கிராம் உலர்ந்த சோயாமீற்றில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. சோறும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். நெத்தலிக் கருவாடு இன்னும் திறம், உப்பை ஊறவைத்துக் கழுவினால்.

கடும் பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் நாளொன்றுக்குப் போதும். சிறுநீரக நோயாளருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வவுனியாவின் சில பகுதிகளில் அந்நோய் இருப்பதால் சொல்கிறேன்: வைத்தியரைக் கேளாமல் எந்தப் புரத மாவையும் தொடவேண்டாம்.

பயிற்சி நோவு 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு தணியும். வெட்டிய காலின் நுனியில் தோல் சிவந்தோ உரிந்தோ நோவது வேறு. அது செயற்கைக் காலின் கிண்ணம் பொருந்தாததால் வருவது. அதைக் கழற்றிவிட்டு, கால் செய்து தந்த நிலையத்துக்குப் போங்கள். கடும் நோவோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், உடனே வைத்தியசாலைக்கு.