யாரும் கழட்டாம விட்ட காத்தாடி

2012-ல நான் பத்தாவது படிச்சிட்டு இருந்தேன். ஊர் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவுல. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில ஒரு நாளைக்கு 14 மணி நேரம், சில நாள் 16 மணி நேரம் கரண்ட் இருக்காது. வீட்டை ஒட்டி அப்பாவோட நாலு தறி. அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகினவனுக்கு, தறி நின்னா தூக்கம் வராது. அந்த வருஷ முடிவுல ரெண்டு தறியை வித்துட்டார்.

மொட்டை மாடியில நின்னா சுத்தியும் காத்தாடிதான். "இத்தனை காத்தாடி இருக்கு, அப்புறம் ஏம்ப்பா கரண்ட் இல்ல?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "காத்துக் காலம் முடிஞ்சிருச்சு கண்ணு, இனி வைகாசிலதான்"னு சொல்லிட்டு எமர்ஜென்சி லைட்டை என் புஸ்தகத்துப் பக்கம் திருப்பி வெச்சார்.

பின்னாடி இஞ்சினியரிங் முடிச்சு, பொட்டி தட்டுற வேலைக்கு வந்தப்புறம்தான் இந்தக் காத்தாடிகளோட பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அது டென்மார்க்ல போய் நின்னுச்சு.

டென்மார்க்ல சொந்தமா நிலக்கரி பெருசா கிடையாது. மலை இல்லாத தட்டையான நாடு, அதனால பெரிய அணையும் இல்ல. காத்து மட்டும் தாராளம். அங்க ஆஸ்கோவ்ங்கற ஊர்ப் பள்ளிக்கூடத்துல பால் லா கூர்னு ஒரு வாத்தியார் 1891-ல காத்தாடி வெச்சு மின்சாரம் எடுத்தார். காத்து நின்னா என்ன பண்றதுங்கற கேள்வி அவருக்கும் வந்துச்சு. அந்த மின்சாரத்தால தண்ணியைப் பிரிச்சு, ஹைட்ரஜனைச் சேர்த்து வெச்சு, பள்ளிக்கூட விளக்கை எரிச்சார். வாயு வெடிச்சு ஜன்னல் கண்ணாடி உடைஞ்ச கதையும் உண்டு :-)

முதல் உலகப் போர்ல நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஊர் ஊருக்குக் காத்தாடி முளைச்சுது. 1918-ல சுமார் 120 சின்ன மின்நிலையங்கள்ல, ஒவ்வொண்ணும் 20 முதல் 35 கிலோவாட். நாட்டோட மின்சாரத்துல 3 சதவீதம் அதுலேர்ந்து வந்துச்சு. போர் முடிஞ்சு எரிபொருள் மலிவானதும் மறந்துட்டாங்க. 1940-ல ஜெர்மனி நாட்டைப் பிடிச்சப்ப மறுபடியும் தட்டுப்பாடு, மறுபடியும் காத்தாடி. போர் முடிஞ்சது, மறுபடியும் மறதி!

மறக்காத ஒருத்தர் இருந்தார். யோஹனஸ் யூல். 1904-ல லா கூர்கிட்ட எலக்ட்ரீஷியன் பயிற்சி எடுத்தவர். ஒரு மின்சாரக் கம்பெனியில வேலை. தட்டுப்பாடு இல்லாத 1950-கள்ல உட்கார்ந்து காத்தாடியைப் பத்தி யோசிச்சார். 1957-ல கெட்ஸர்ங்கற கடலோர ஊர்ல அவரோட 200 கிலோவாட் காத்தாடி ஓட ஆரம்பிச்சுது. மூணு இறக்கை, 24 மீட்டர் விட்டம். புயல்ல வேகம் மீறினா இறக்கையோட நுனி தானா திரும்பி பிரேக் போடும்.

முக்கியமான விஷயம் உள்ள இருந்த ஜெனரேட்டர். அது இண்டக்‌ஷன் வகை. எங்க அப்பா தறியில ஓடுற மோட்டாரும் அதே வகைதான். கிரிட்ல இணைச்சு, அதோட வழக்கமான வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலா சுத்திவிட்டா, கரண்ட்டை இழுக்கறதுக்குப் பதிலா திருப்பித் தள்ளும். பேட்டரி வேண்டாம், பெரிய கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டாம்.

பத்து வருஷம் ஓடுச்சு. எண்ணெய்ல எடுக்கற கரண்ட் மலிவுன்னு கணக்குப் போட்டு 1967-ல நிறுத்திட்டாங்க. நிறுத்தினாங்களே தவிர, கழட்டலை. அங்கயே நின்னுச்சு. 1969-ல யூல் இறந்துட்டார்.

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினாங்க. டென்மார்க் தன்னோட எரிசக்தியில 90 சதவீதத்துக்கும் மேல இறக்குமதி எண்ணெயை நம்பி இருந்த நாடு. ஞாயித்துக்கிழமை கார் ஓட்டவே தடை. ஜனங்க ஹைவேயில சைக்கிள் ஓட்டினாங்க. சேமிப்பு ஒரு பக்கம், அடுத்து என்னங்கற தேடல் ஒரு பக்கம். அப்பதான் கெட்ஸர்ல துருப்பிடிச்சு நின்ன காத்தாடி ஞாபகம் வந்துச்சு. 1977-ல அமெரிக்க உதவியோட அதை மறுபடி ஓட்டி அளந்து பார்த்தாங்க.

அதுக்கு முன்னாடியே ரீஸேஜர்னு ஒரு தச்சர் யூலோட வழியில 22 கிலோவாட் காத்தாடி செஞ்சு கிரிட்ல மாட்டிட்டார். 1979-ல அரசு 30 சதவீத மானியம் குடுத்துச்சு. ஊர்க்காரங்க பங்கு போட்டு காத்தாடி வாங்கினாங்க. 2001 வாக்குல ஒரு லட்சம் குடும்பத்துக்கு மேல பங்கு இருந்துச்சு. அதனால இந்தத் தடவை எண்ணெய் விலை இறங்கியும் யாரும் மறக்கலை. காத்து நிக்கற நேரத்துல, கடலுக்கடியில போட்ட கேபிள் வழியா நார்வேயோட அணை மின்சாரத்தை வாங்கிக்கறாங்க. இன்னிக்கு அந்த நாட்டு மின்சாரத்துல பாதிக்கும் மேல காத்துலேர்ந்து வருது.

1986-ல தூத்துக்குடி பக்கம் தமிழ்நாட்டோட முதல் காத்தாடிப் பண்ணை வந்துச்சு. அந்த 55 கிலோவாட் காத்தாடிகள் டென்மார்க்ல செஞ்சது. அதாவது கெட்ஸர் காத்தாடியோட பேரப்பிள்ளைங்க. நான் மொட்டை மாடியிலேர்ந்து பார்த்ததும் அதே வம்சந்தான்!

நம்ம ஊர்ல 2015 வாக்குல பவர்கட் ஓஞ்சுது. 2012-ல தெருவெல்லாம் சோலார் பேச்சு. கரண்ட் வந்ததும் பேச்சு நின்னுபோச்சு. போன வருஷம் வீட்டு மாடியில சோலார் போடலாம்னு சொன்னேன். "இப்பதான் கரண்ட் இருக்கே, எதுக்கு கண்ணு?"ன்னார் அப்பா. 1967-ல கெட்ஸர்ல சொன்னதும் இதேதானேன்னு நினைச்சுக்கிட்டேன். யூலோட கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, வித்த ரெண்டு தறி நின்ன இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி, போடு"ன்னார்.

இல்லாதப்ப தேடறது எல்லாரும் செய்யறதுதாங்க. இருக்கறப்ப செஞ்சு வெக்க ஒரு யூல் வேணும்.

2012-ல வாங்கின எமர்ஜென்சி லைட் உங்க வீட்டுல இப்ப எங்க கிடக்கு?