பட்டா இருக்கிறது, நிலம் எங்கே? - சுந்தரவனத் தீவுகளின் கதை

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மூர்க் குடும்பங்கள் முதல் வருடமே போட்டுவிடும் திட்டம் கங்காசாகர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் காளிகாட், தக்ஷிணேஸ்வரம், அப்புறம் சாகர். காக்த்வீப் போய், லாட் எண் எட்டு என்ற படகுத்துறையில் ஏறி, முரிகங்கா ஆற்றைக் கடந்தால் சாகர் தீவு. நாங்களும் அப்படித்தான் போனோம். "லாட் எட்டு" என்று ஒரு இடத்துக்கு யாராவது பெயர் வைப்பார்களா? பேங்க்காரன் புத்தி, எனக்கு உடனே ஏலம்தான் ஞாபகம் வந்தது. தேடிப் படித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட சரி!

கம்பெனி ஆட்சிக்குச் சுந்தரவனம் என்றால் வரி வராத காடு. 1830 வாக்கில் டாம்பியர், ஹாட்ஜஸ் என்ற இரண்டு அதிகாரிகள் காட்டின் எல்லையை அளந்து கோடு போட்டார்கள். காட்டை 236 லாட்களாகப் பிரித்து எண் போட்டு, வெட்டித் திருத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மிதுனாப்பூரிலிருந்தும் சோட்டா நாக்பூரிலிருந்தும் கூலிகள் வந்தார்கள். சதுப்புக்காட்டை வெட்டினார்கள், சுற்றிலும் மண்கரை போட்டார்கள், உள்ளே நெல் நட்டார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கங்கை கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து, ஓதம் தொடாத உயரத்துக்கு வந்த பிறகுதான் அந்த மண் குடியிருக்கத் தகுதியாகும். அதற்குப் பல தலைமுறை பிடிக்கும். குத்தகை எடுத்தவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? மண் வளர்வதற்கு முன்பே கரை கட்டிவிட்டார்கள். கரைக்கு வெளியே ஆறு வண்டலைப் போட்டு உயர்கிறது, உள்ளே நிலம் அப்படியே நிற்கிறது, இறுகி இன்னும் தாழ்கிறது. வங்கதேசப் பக்கத்தில் இப்படிக் கரை கட்டிய ஒரு தீவை அளந்து 2015ல் ஆய்வு வெளியிட்டார்கள். பக்கத்துக் காட்டைவிட உள்நிலம் 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. கடல் மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலே இவர்களுக்கு அது ஆள் உயர ஆபத்து.

எச்சரிக்க ஆளில்லாமல் இல்லை. ஹென்றி பிடிங்டன் என்று ஒருவர், "சைக்ளோன்" என்ற சொல்லையே உண்டாக்கியவர், கல்கத்தாவில் இருந்தார். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு 1853ல் டல்ஹவுசி பிரபுவுக்கு எழுதினார்: புயலில் கடல் ஏறும், வேண்டாம் என்று. யாரும் கேட்கவில்லை. போர்ட் கேனிங் கம்பெனி 1865ல் பங்கு வெளியிட்டது, வாங்க அடிதடி. 1867 நவம்பரில் புயல் வந்தது, கடல் ஏறியது, சில வருடங்களில் துறைமுகம் கைவிடப்பட்டது. பங்குச் சந்தை மோகத்துக்கு ஹர்ஷத் மேத்தா காலத்தை மட்டும் உதாரணம் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கொள்ளலாம் :-)

அதற்கு மூன்று வருடம் முன், 1864 அக்டோபர் 5ம் தேதிப் புயலில், சாகர் தீவில் குடியேறியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பேர் போய்விட்டார்கள். காடு வெட்டிக் கரை கட்டுவது அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

இதில் நல்லவர்களும் உண்டு. மெக்கினன் மெக்கென்சி கம்பெனியின் டேனியல் ஹாமில்டன் 1900களின் தொடக்கத்தில் கொசாபா பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார். கந்துவட்டிக்காரர்களை உள்ளே விடாமல் கூட்டுறவுக் கடன் சங்கம் நடத்தினார். 1936ல் தன் பண்ணைக்கென்றே ஒரு ரூபாய் நோட்டும் அடித்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் அவருடைய பண்ணையும் மண்கரையை நம்பித்தான் நின்றது. இன்று இந்தியச் சுந்தரவனத்தின் 102 தீவுகளில் 54ல் மனிதர்கள் வாழ்கிறார்கள், 40 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் 3,500 கிலோமீட்டர் கரை, பெரும்பகுதி மண்.

சாகருக்குச் சற்று வடக்கே கோராமாரா என்று ஒரு தீவு. படகிலிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் கோடுதான். 1970களில் சுமார் 8.5 சதுர கிலோமீட்டர் இருந்தது, 2012ல் ஏறக்குறைய பாதி. 2011 கணக்கெடுப்பில் சுமார் 5,000 பேர். பக்கத்தில் இருந்த லோஹாசாரா தீவு 1980களிலும் 90களிலும் மூழ்கியே போனது. அங்கிருந்தவர்கள் கோராமாராவுக்கும் சாகருக்கும் ஓடி வந்தார்கள். சாகரில் அரசு குடியிருப்புகள் கொடுத்தது. முதலில் வந்தவர்களுக்குக் கொஞ்சம் நிலம், பின்னால் வந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம்... அப்புறம் சாகரிலேயே இடம் இல்லை. அதன் தெற்குக் கரையையும் கடல் தின்கிறது. கபில முனி கோயிலே பழைய இடங்களைக் கடலுக்கு விட்டுக்கொடுத்து, 1970களில் இன்னும் உள்ளே தள்ளிக் கட்டியதுதான்.

இதற்கெல்லாம் கடல் மட்டம் மட்டும்தான் காரணமா? இல்லை. உலகம் முழுக்கக் கடல் 1900லிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சுந்தரவனத்தில் நிலமும் சேர்ந்து அமுங்குவதால் உயர்வு இன்னும் அதிகம். அதன்மேல் ஆற்றின் அரிப்பு. ஹால்தியா துறைமுகக் கப்பல் வழிக்காகச் செய்த வேலைகள்தான் ஆற்றைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டது என்பது தீவுக்காரர்களின் பழைய புகார். அதற்கும் மேல் புயல்கள்: 2009ல் ஐலா, 2020ல் ஆம்பன். 2021 மே 26ல் யாஸ் பௌர்ணமி ஓதத்தோடு சேர்ந்து வந்தபோது கோராமாரா முழுக்கத் தண்ணீர். உப்பு ஏறினால் அவர்களுடைய வெற்றிலைத் தோட்டம் அவ்வளவுதான்.

அடமானத்துக்கு நாங்கள் நிலத்தை விரும்புவதற்கு ஒரே காரணம், அது எங்கேயும் ஓடிப்போகாது. கோராமாராவில் அது ஓடிப்போகிறது. பட்டா இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, நிலம் ஆற்றுக்கடியில் இருக்கிறது. புயலில் வீடு போனால் நிவாரணம் உண்டு. ஆனால் மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, பூச்சித் தாக்குதல்கூட இருக்கிறதே தவிர, மண் அரிப்பு நெடுங்காலமாக இல்லை. ஒரே நாளில் போனால் பேரிடர். தினம் ஒரு அடியாகப் போனால் தலையெழுத்து!

15வது நிதிக் குழுதான் முதல் கதவைத் திறந்தது. 2021-26க்கு, அரிப்பால் இடம் பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடி, அரிப்பைத் தடுக்க 1,500 கோடி என்று நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. தொகை சிறியதுதான். ஆனாலும், மெதுவாக நிலத்தை இழக்கிறவனும் இழந்தவன்தான் என்று கணக்கில் ஏறிவிட்டது.

கணக்கில் ஏறாத ஒன்று பாக்கி. இந்தத் தீவுகளுக்கு எண் போட்டு, குத்தகை விட்டு, மண் உயர்வதற்கு முன்பே கரை கட்டச் சொன்னது அரசாங்கம்தான். வந்த வருமானத்தைக் கல்கத்தாவும் லண்டனும் எடுத்துக்கொண்டன. நஷ்டத்தை மட்டும் ஏன் வெற்றிலைத் தோட்டக்காரன் பெயரில் பற்று எழுதுகிறோம்? அடுத்த தடவை கங்காசாகர் போகிறவர்கள், படகில் வடக்கே தெரியும் அந்தப் பச்சைக் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.