பட்டிக்குக் கீழே இருக்கிற வரலாறு

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அநேகமாக ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினது, சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணினது. எல்லாம் உண்மைதான். ஆனால் அது எஞ்சினுடைய கதை. எஞ்சினைச் சுற்றி இருக்கிற தகரத்துக்கும் ஒரு கதை இருக்குது. அதை ஒருத்தரும் பெரிசாகக் கேட்பதில்லை. இப்போது அது அழிந்துகொண்டு வருகிறது. அழிக்கிறது துரு மட்டும் இல்லை, திருத்த வேலையும்தான்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது மொறிஸ் மைனர் பிக்கப்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். தயாரிப்புக்குப் போகிற கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் இரண்டாக வெட்டி, இடைவெளி விட்டுப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். மைனரின் பொனட் நடுவில் ஓடுகிற தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம். அதற்குள்ளே பம்பர்கள் செய்து முடிந்திருந்ததால், அவற்றையும் நடுவால் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். அதாவது இந்தக் கார் பிறக்கும்போதே ஒட்டுப் போட்ட கார். "ஒரிஜினல்" என்ற சொல்லைப் பாவிக்கிறபோது இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

பிக்கப்பும் வானும் 1953இல் வந்தன. காருக்கும் இவற்றுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. காரில் தனிச் சஸி கிடையாது. தகர உடம்புதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். கதவுக்குக் கீழே இருக்கிற சில் உக்கினால் உடம்பே தொய்ந்துவிடும், பிறகு கதவு பூட்டாது. பிக்கப்பில் சஸி தனி, அதற்கு மேல் கேபின் வேறு, பின்பெட்டி வேறு. ஒரு பகுதி உக்கினால் அதை மட்டும் கழற்றி வேலை செய்யலாம். முன் மட்காட்டுகளும் ஆணியில்தான் நிற்கின்றன. உப்புக் காற்று அடிக்கிற ஒரு குடாநாட்டில் இது சின்ன விசயம் இல்லை.

சரி, 1950களில் வந்த ஒரு வாகனத்தை ஏன் இவ்வளவு காலம் ஒட்டி ஒட்டி வைத்திருந்தார்கள்? பாசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குப் பின்னால் பொருளாதாரம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் சந்தை திறக்கப்படும்வரை புதுக் கார் என்பது சாதாரண ஆட்களுக்கு நினைக்கவே முடியாத ஒன்று. இருக்கிறதைத்தான் திருத்தி ஓட வேண்டும். டிங்கரிங் என்ற தொழில் இந்த நாட்டில் இப்படி வேரூன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம். 1977க்குப் பிறகு தெற்கில் ஜப்பான் வாகனங்கள் மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்தன. வடக்கில் அந்த மாற்றம் முழுமையாக வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

வாகனத்தின் தகரத்தில் அரசியலும் எழுதப்பட்டிருக்கிறது, நேரடியாகவே. பழைய ஒஸ்ரின், மொறிஸ்களில் 'ஈ எல்', 'ஈ என்', 'ஈ வை' என்று தொடங்கும் இலக்கத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் இருந்து எடுத்தவை அவை. 1957இல் இருந்து அந்த இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கு எதிராகப் போராட்டம் நடத்தியது. 1958இல் ஸ்ரீ தகட்டோடு பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அந்த எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்து எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் கலவரம். ஒரு சாண் தகட்டில் இருந்த ஒரு எழுத்துக்கு அவ்வளவு பாரம் இருந்தது.

பிறகு 1990. யுத்தம் மறுபடி தொடங்க, மின்சாரம் நின்றது, பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு எல்லாம் தடைக்குள் போயின. மண்ணெண்ணெய்க்கு இந்தப் பழைய எஞ்சின்கள் ஒத்துப்போனதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதம். தகரத்துக்கு அப்படி ஒரு தந்திரம் இல்லை. உக்கின இடத்துக்கு ஏதோ ஒரு தகரம் வைத்தே ஆக வேண்டும். எண்ணெய்ப் பீப்பாய், பழைய லொறிக் கதவு, கைவிடப்பட்ட இன்னொரு காரின் கூரை என்று கிடைத்தது எல்லாம் தகடானது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பிப் போனபோது, கிழவர்களையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் ஊர்ந்த வாகனங்களில் இப்படி ஒட்டுப்போட்டவையும் இருந்தன.

போன வருசம் யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு கராஜில் ஒரு மைனர் பிக்கப்பைப் பார்த்தேன். கொழும்பில் ஒருவர் வாங்கி, "புதுசு மாதிரி" ஆக்கித் தரச் சொல்லியிருந்தார். நிறத்தைச் சுரண்ட உள்ளே ஐந்தாறு நிறம். கேபின் மூலையில் விரல் தடிப்புக்குப் பட்டி. அந்தப் பட்டியை உடைக்க, கீழே மண்ணெண்ணெய் ஊதுவிளக்கால் ஈயம் உருக்கி நிரப்பின ஒரு இடம். பின்பெட்டிப் பக்கத் தகட்டில் ஒரு வட்ட ஒட்டு. அதன் உட்பக்கத்தில் பீப்பாயில் அச்சடித்த எழுத்துகள் பாதி அழிந்து கிடந்தன.

அங்கே வேலை செய்கிற ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். அந்த ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தொண்ணூறுக்குப் பிறகு செய்த வேலை. நல்ல கை" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மெல்லிய தகரத்துக்குச் சூடு கூடக் குடுத்தால் அது விரிந்து அலை அலையாக வரும், பிறகு ஒருக்காலும் மட்டத்துக்கு வராது என்றார். அதனால் இவர் ஒரு இடத்தில் ஒரு பொட்டு வைத்து, ஆற விட்டு, எதிர்ப்பக்கம் போய் அடுத்த பொட்டு வைத்திருக்கிறார். பிறகு பின்னால் இரும்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சுத்தியலால் தட்டி மட்டமாக்கியிருக்கிறார். "காஸை மிச்சம் பிடிச்சுச் செய்திருக்கிறான், பாருங்கோ பிள்ளை."

ஐயா அந்தத் துண்டைத்தான் அன்றைக்கு வெட்டப் போகிறார். உக்கின தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் புது நிறத்துக்குக் கீழே துரு திரும்ப வளரும். அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஓடுகிற வாகனம் உறுதியாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. "புதுசு மாதிரி" என்றால் எந்த வருசத்துப் புதுசு? நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருக்கிற 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த பங்கை மதிக்க வேண்டும், ஒரே காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுவருவது நோக்கம் அல்ல என்கிறது. சர்வதேசப் பழைய வாகனச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் அதே எண்ணத்தை வாகனங்களுக்கும் கொண்டுவந்தது. இதன்படி பார்த்தால் அந்தப் பீப்பாய்த் துண்டும் பிக்கப்பின் ஒரிஜினல்தான். அதை எடுத்தால் மிஞ்சுவது 1950களின் அழகான இங்கிலாந்து வாகனம். இங்கே அது வாழ்ந்த அரை நூற்றாண்டு அதில் இருக்காது.

இன்னொரு விசயமும் இதோடு சேர்த்து யோசிக்கத்தக்கது. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைத் திருத்தி விற்ற சாள்ஸ் வெயார், இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து இலங்கையில் மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார். ஒரே நாடு, ஒரே பத்தாண்டு, ஒரே வாகனம். ஒரு பக்கத்தில் புதுப் பாகம் கப்பலேறிப் போகிறது. மற்றப் பக்கத்தில் அதே வாகனத்துக்குப் பீப்பாயை வெட்டி ஒட்டுகிறார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு தகரத் துண்டு சொல்லிக் காட்டியது.

ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒட்டுத் தெரிஞ்சால் அது வேலை இல்லைப் பிள்ளை. தெரியாமல் செய்யிறதுதான் வேலை." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஒட்டைப் போட்டவரும் அது வெளியே தெரிய வேண்டும் என்று போடவில்லை. அவர் அதை மறைத்தார், ஆனால் மறைத்தது உள்ளேயே இருந்தது. வெட்டிக் குப்பையில் போட்டால் அது இல்லாமலே போய்விடும்.

ஆகவே வாகனத்தைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெட்ட முதல் உள்ளும் புறமும் படம் எடுங்கள். வெட்டின துண்டில் எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதி வையுங்கள். வாகனத்தை விற்றவரிடம் அதை யார், எப்போது, எங்கே வைத்துத் திருத்தினார்கள் என்று கேளுங்கள். வரலாறு படிக்கிற எங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வாய்மொழி வரலாறு என்று ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறபோது டிங்கர் வேலை செய்கிறவர்களையும் தேடிப் போக வேண்டும். அவர்களில் தொண்ணூறுகளில் வேலை செய்த கைகள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டன.

அந்தப் பீப்பாய்த் துண்டை ஐயா எனக்குத் தரவில்லை, பிக்கப்பின் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும் என்றார். அவர் கேட்டாரா தெரியாது. ஆனால் அன்றைக்கு வெட்டின மற்றத் துண்டுகளோடு அதைப் போடாமல், சுவரில் ஒரு ஆணியில் தனியாக மாட்டினார்.